அரியலூர்க் கடல்

நெய்தல் திணையின் கருப்பொருள்களை நடத்திக்கொண்டிருந்த ஒரு பிற்பகல் வகுப்பில், கல்லங்குறிச்சிப் பக்கத்திலிருந்து வரும் மாணவர் ஒருவர் எழுந்து வந்து என் மேசைமேல் ஒரு கல்லை வைத்தார். கையடக்கமான கல். ஒருபுறம் கிண்ணம்போல் குழிந்தும் மறுபுறம் யானை நகம்போல் வளைந்தும், அடுக்கடுக்கான வரிகளோடும் இருந்தது. கிளிஞ்சல் என்று பார்த்தவுடனே தெரிந்தது. ஆனால் கிளிஞ்சலுக்கு அவ்வளவு கனம் இராது.

"எங்க ஊர்ல கிணறு வெட்டினா இதுதான் அள்ள அள்ள வருதுங்கய்யா. கடலைப் பாக்கணும்னா நாங்க ரெண்டு பஸ் மாறிப் போகணும். அப்போ எங்க ஊரு எந்தத் திணை?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். திணைமயக்கம் என்று ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு மேலே நடத்தினேன். இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ் கற்பிக்கும் ஒருவன் இப்படித்தான் தப்பித்துக்கொள்வான். ஆனால் அந்தக் கல் என் மேசையிலேயே தங்கிவிட்டது. அதைப் பற்றிப் படிக்கத் தொடங்கிய பிறகு, நம் இலக்கியவாதிகளோடு எனக்கு ஒரு சிறு சண்டை இருப்பதாகத் தோன்றியது. அதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

முதலில் அந்த மண்ணைப் பற்றி. ஊட்டத்தூரிலிருந்து கிழக்கே அரியலூர் வழியாக நின்னியூர் வரை ஒருவர் பயணம் செய்தால், ஏறக்குறைய ஐந்து கோடி ஆண்டுகளைக் கடந்துவிடுகிறார். படிவுகள் கிழக்கு நோக்கிச் சற்றே சரிந்திருப்பதால் மேற்கில் இருப்பவை மூத்தவை. கிழக்கே போகப் போகக் காலம் இளமையாகிறது. மேற்கு ஓரத்தில் காரை என்னும் ஊரையொட்டிச் செம்மையும் சாம்பலும் கலந்த களிமண் மேடுகள் ஓடையோடையாய் அறுபட்டுக் கிடக்கின்றன. வெயிலில் ஜிப்சம் பளபளக்கும். அந்தக் களிமண்ணில் ஆட்டுக்கொம்புபோல் சுருண்ட அம்மோனைட்டுகளும் சுறாப் பற்களும் கிடைக்கின்றன. டால்பினைப் போன்ற உடலமைப்புக்கொண்ட இக்தியோசார் என்னும் கடல் ஊர்வனவின் எலும்புகளும் உண்டு. ஊட்டத்தூர்ப் படிவுகளில் கிடைத்த அதன் முதுகெலும்புத் துண்டுகளைக் கொண்டு 1879இல் லிடெக்கர் அதற்கு 'இண்டிகஸ்' என்று இனப்பெயர் வைத்தார். அம்மோனைட் கணவாய்க்கும் நாட்டிலஸுக்கும் தூரத்துச் சொந்தம். டைனோசர்கள் அழிந்த காலத்தையொட்டி அதுவும் பூண்டோடு போயிற்று. நேபாளத்துக் கண்டகி ஆற்றிலிருந்து வந்து நம் வீட்டுப் பூசைப்பெட்டியில் அமர்ந்திருக்கும் சாளக்கிராமமும் ஓர் அம்மோனைட்தான் என்பதைப் பல வைதிக நண்பர்களிடம் சொல்லி வசவு வாங்கியிருக்கிறேன். அது நிற்க.

சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாய்க் கிடக்கிறது. கரையிலிருந்து அடித்துவரப்பட்டு, ஆழமில்லாத கடலின் சேற்றில் புதைந்து, 12 கோடி ஆண்டுகளாகக் கிடக்கும் மரம். 1940இல் அதைக் கண்டறிந்தவர் எம். எஸ். கிருஷ்ணன், தஞ்சைப் பக்கத்து மகாராஜபுரத்துக்காரர். பின்னாளில் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறைக்குத் தலைமையேற்ற முதல் இந்தியரும் அவரே. தமிழ்நாட்டில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும் என்று நான் கேட்கப்போவதில்லை. எனக்கே அந்தக் கல்லைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

கல்லங்குறிச்சியின் சுண்ணாம்புக் கல்லோ முழுக்க முழுக்கச் சிப்பிகளால் ஆனது. ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன்பு அங்கே கடலடியில் மண்டிக் கிடந்த சிப்பிக் கூட்டத்தின் மிச்சம். என் மாணவர் கொண்டுவந்தது அதில் ஒன்று. அந்தக் கல்லைத்தான் வெட்டி, அரைத்து, சுட்டு சிமெண்டாக்குகிறார்கள். அரியலூர் சிமெண்டில் கட்டிய வீட்டில் குடியிருப்பவர் எவராயினும் அந்தக் கடலுக்குள்தான் குடியிருக்கிறார். இதில் எனக்கு வருத்தம் ஏதுமில்லை. வீடு வேண்டும், வேலையும் வேண்டும். வருத்தம் வேறு இடத்தில் இருக்கிறது.

நம் தமிழ் மனத்துக்குக் கடல் என்றவுடன் நினைவுக்கு வருவது கடல்கோள். இறையனார் களவியலுரை முச்சங்கத்தையும் கடல்கொண்ட கதையையும் சொல்கிறது. அடியார்க்குநல்லார் மூழ்கிப்போன 49 நாடுகளைப் பெயர் சொல்லி எண்ணுகிறார். இந்த நினைவுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஓர் ஐரோப்பியத் துணை கிடைத்தது: லெமூரியா. மடகாஸ்கரில் காணப்படும் லெமூர் என்னும் விலங்கின் சொந்தங்கள் இந்தியப் பக்கத்திலும் இருப்பதற்குக் காரணம் தேடிய ஸ்கிலேட்டர், 1864இல் இடையே மூழ்கிய நிலம் ஒன்று இருந்திருக்கலாம் என்று சொல்லி அதற்கு வைத்த பெயர் அது. அந்தப் பெயரை நாம் எடுத்துக் குமரிக்கண்டத்துக்குச் சூட்டிய வரலாற்றைச் சுமதி ராமசாமி 2004இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார்.

இதில் நம் மேடைகளில் நான் கேட்டறியாத ஒரு கண்ணி உண்டு. இந்த அரியலூர்ப் படிவுகளை முதன்முதலில் முறையாக அளந்து, ஊட்டத்தூர், திருச்சினாப்பள்ளி, அரியலூர் என்று மூன்றாகப் பகுத்தவர் ஹென்றி பிளான்போர்டு. அவருக்கு முன்பே, 1840களில், கே, கன்லிஃப் என்னும் சென்னை மாகாண அதிகாரிகள் இருவர் பாண்டிச்சேரி, விருத்தாசலம், திருச்சிப் பக்கங்களில் கிளிஞ்சல்களைப் பொறுக்கி லண்டனுக்கு அனுப்பியிருந்தார்கள். பிளான்போர்டுக்குப் பின் மொரேவியாவில் பிறந்த ஸ்டோலிச்கா இங்கே கிடைத்த உயிரினங்களை ஒவ்வொன்றாக வரைந்து, பெயரிட்டு, பெருந்தொகுதிகளாக்கினார். 1873இல் அந்த வேலை முடிந்தது; மறு ஆண்டே யார்கண்ட் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் லடாக்கில் இறந்துபோனார். திருச்சி மாவட்டத்துச் சிப்பிகள் தென்னாப்பிரிக்கச் சிப்பிகளை ஒத்திருப்பது இந்த ஆய்வுகளில் தெரியவந்தது. அதையும் பிற சான்றுகளையும் வைத்துக்கொண்டு, 1875இல் இந்தியாவையும் ஆப்பிரிக்காவையும் இணைத்த பெருங்கண்டம் ஒன்று இந்துமாக்கடலில் இருந்தது என்று வாதிட்டவர் அதே பிளான்போர்டு.

ஆகவே குமரிக்கண்டக் கற்பனைக்கு அறிவியல் முலாம் பூசிய சான்றுகளில் அரியலூர்க் கிளிஞ்சலும் ஒன்று. நாம் முடிவை மட்டும் எடுத்துக்கொண்டோம், கிளிஞ்சலை விட்டுவிட்டோம்.

பிளான்போர்டு பார்த்த ஒற்றுமை உண்மையானதே. விளக்கம்தான் பிழை. நிலம் மூழ்கவில்லை, நகர்ந்தது. ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன்பு மடகாஸ்கரிடமிருந்து பிரிந்த இந்தியா, நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே ஒரு தீவாக மிதந்து வடக்கே வந்துகொண்டிருந்தது. அதற்குச் சான்றும் இதே அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது. கல்லமேடு என்னும் ஊரையொட்டிய படிவில், மடகாஸ்கரின் சிமோசூக்கஸ் என்னும் முதலையை ஒத்த முதலையொன்றின் பற்களைக் கண்டு 2013இல் எழுதினார்கள். மூக்கு மழுங்கிய, செடிகொடி தின்றதாகக் கருதப்படும் விசித்திர முதலை அது. அதே ஆண்டில் அதே ஊரிலிருந்து ஒரே ஒரு பல், வட கண்டங்களில் மட்டுமே வாழ்ந்ததாக எண்ணப்பட்ட ட்ரூடான்டிட் வகைச் சிறு டைனோசருடையது என்று அறிவிக்கப்பட்டது. 2001இல் அங்கே கிடைத்த ஆமைக்குக் 'கூர்மடெமிஸ் கல்லமேடென்சிஸ்' என்று பெயர். கூர்மாவதாரமும் கல்லமேடும் ஒரே பெயருக்குள் வந்து உட்கார்ந்திருக்கின்றன. எந்தப் புலவரும் இப்படி ஒரு தொடரைக் கட்டியிருக்க மாட்டார்.

பெயர் என்றதும் இன்னொன்று. 1979இல் யாதகிரி, அய்யாசாமி ஆகிய இரு புவியியலாளர்கள் அரியலூர்ப் பக்கத்தில் கிடைத்த சில எலும்புகளுக்குத் 'திராவிடோசாரஸ் பிளான்போர்டி' என்று பெயர் வைத்தார்கள். முதுகில் தட்டுகள் கொண்ட ஸ்டெகோசார் வகை டைனோசர் என்பது அவர்கள் முடிவு. உலகில் மற்ற இடங்களில் அந்த வகை அழிந்த பின்னும் இங்கே தாக்குப்பிடித்திருக்கிறது என்பது அதன் சிறப்பு. திராவிடம் என்ற சொல் ஒட்டியிருப்பதால் இது அவ்வப்போது வாட்ஸப்பில் எனக்கு வந்து சேர்கிறது. பிற்காலத்தில் சங்கர் சாட்டர்ஜி முதலியோர் அவற்றை ஆராய்ந்து, அவை டைனோசரே அல்ல, பிளீசியோசார் என்னும் கடல் விலங்கின் சிதைந்த எலும்புகள் என்றார்கள். வாட்ஸப் செய்தியில் இந்தப் பகுதி ஒருநாளும் வருவதில்லை. எனக்கென்னவோ, திராவிடோசாரஸ் நெய்தல் நிலத்து விலங்காக மாறியதில் ஒரு மகிழ்ச்சிதான்.

அதைவிடப் பெரிய கதை அதே இருவர் 1980களின் இறுதியில் கல்லமேட்டிலிருந்து விவரித்தது. 'பிருகத்காயோசாரஸ்'. பேருடல் பல்லி. கீழ்க்கால் எலும்பு மட்டுமே 2 மீட்டர் நீளம் என்று குறித்தார்கள். உலகப் புகழ்பெற்ற அர்ஜென்டினோசாரஸுக்கே அது ஒன்றரை மீட்டர் சொச்சம்தான். முதலில் ஊனுண்ணி என்று கருதப்பட்டது, பின்னர் நீள்கழுத்துத் தாவர உண்ணி என்று திருத்தப்பட்டது. சிலர் அது எலும்பே அல்ல, கல்லான மரம் என்றுகூட ஐயுற்றார்கள். அண்மைக் கணக்கீடுகள் அதன் எடையை நூறு டன்னுக்கு மேல் மதிப்பிட்டு, நீலத்திமிங்கிலத்தோடு ஒப்பிடுகின்றன. ஐயத்தைத் தீர்க்க எலும்பைப் பார்த்தால் போதும். பார்க்க முடியாது. அந்த எலும்புகள் இல்லை. களிமண்ணும் மழையும் வெயிலும் அரித்த எலும்பு, எடுத்துக் கட்டிய பிறகும் பொடிந்துகொண்டே போய் ஒன்றுமில்லாமல் ஆயிற்று என்பதை 2017இல் அய்யாசாமியும் கால்டனும் எழுதிய கட்டுரையிலிருந்து உலகம் அறிந்தது. பூமியில் நடந்த மிகப் பெரிய விலங்காக இருந்திருக்கக்கூடிய ஒன்றுக்கு எஞ்சியிருப்பவை சில கோட்டோவியங்களும் மங்கலான படங்களுமே.

ஏட்டுச் சுவடி தேடி ஊர் ஊராக அலைந்த உ.வே.சா.வின் வாழ்க்கையைப் பாடமாக நடத்துகிறவன் நான். கரையான் தின்ற ஏட்டின் கதையைச் சொல்லும்போது ஒவ்வோர் ஆண்டும் என் குரல் கம்மும். ஆனால் கல்லமேட்டு எலும்பு பொடிந்ததற்காக என் துறையில் ஒருவர் குரலும் கம்மியதில்லை. இதுதான் என் சண்டை. கல் தோன்றி மண் தோன்றாக் காலத்தே முன்தோன்றிய குடி என்று மார்தட்டும் நமக்குக் கல்லின்மேலும் மண்ணின்மேலும் அக்கறையில்லை. கீழடியில் ஒரு பானையோடு கிடைத்தால் கவிதை எழுதுகிறோம். எழுத வேண்டியதுதான். அதற்கு ஆயிரமாயிரம் மடங்கு மூத்ததொன்று கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் போகும் வழியில் கிடக்கிறது. அதில் தமிழன் இல்லை என்பதால் நாம் பேருந்தைவிட்டு இறங்குவதில்லை.

என் நண்பர் ஒருவர், அவரும் தமிழாசிரியரே, இதை மறுத்தார். "மனிதன் இல்லாத இடத்தில் இலக்கியத்துக்கு என்னய்யா வேலை?" என்றார். தட்டிக்கழிக்க முடியாத கேள்வி. ஆனால் திணை என்பதே மனிதனுக்கு முன் நிலத்தையும் பொழுதையும் வைத்த கோட்பாடு அல்லவா? முதற்பொருள் என்று நாம் சொல்வது நிலமும் பொழுதும்தானே? அந்தப் பொழுதை ஒரு பகலாகவும் ஒரு கார்காலமாகவும் அளந்த தொல்காப்பியர் மரபு, ஏழு கோடி ஆண்டாக அளக்கவும் இடம் கொடுக்கும் என்றே நான் நினைக்கிறேன். நண்பர் ஒப்பவில்லை.

அக்கறையின்மைக்கு ஒரு விலையும் உண்டு. 2020 டிசம்பரில் குன்னம் பக்கத்தில் குளம் தூர்வாரியபோது பெரிய பெரிய உருண்டைகள் வெளிப்பட்டன. டைனோசர் முட்டை என்று செய்தி பரவியது, கூட்டம் கூடியது. அவை அம்மோனைட்டுகளைச் சுற்றிக் கடல் வண்டல் இறுகிய கற்கள் என்று அறிந்தவர்கள் சொன்னதும் கூட்டம் கலைந்துவிட்டது. முட்டை இல்லையென்றால் நமக்கு ஒன்றுமில்லை. அந்த மேட்டு வயலில் கடல் இருந்ததற்குச் சாட்சியாக ஒரு கல் உருண்டு வந்து நிற்பது வியப்பாகத் தோன்றுவதற்கு, அதைப் பற்றிப் பள்ளியில், கதையில், ஊர்ப் பேச்சில் ஏதாவது ஒரு சொல் முன்பே காதில் விழுந்திருக்க வேண்டும். நாம் அந்தச் சொல்லைக் கொடுக்கவில்லை. வாரணவாசியில் அரசு ஓர் அருங்காட்சியகம் அமைத்திருக்கிறது. அரியலூர்ப் பக்கம் போகிறவர்கள் ஒரு மணி நேரம் ஒதுக்கி அதைப் பார்க்க வேண்டும்.

நானும் யோக்கியன் அல்ல. புதைபடிவத்தை எடுத்தவன் எந்த இடத்தில், எந்த அடுக்கில் எடுத்தான் என்று குறிக்காவிட்டால், அறிவியலுக்கு அது வெறும் கல்தான் என்று பிறகு படித்தேன். ஆசிரியர் பெயரும் ஊரும் தெரியாத தனிப்பாடல்போல. என் மேசையிலிருந்த கிளிஞ்சலுக்கு அப்படி எந்தக் குறிப்பும் இல்லை. நான்கு ஆண்டுகள் அதைத் தேர்வுத்தாள் பறக்காமலிருக்க வைத்திருந்தேன்.

சென்ற மாதம் அந்த மாணவரைத் தொலைபேசியில் பிடித்தேன். இப்போது திருப்பூரில் வேலை பார்க்கிறார். கல்லை நினைவிருக்கிறதா என்றேன். சிரித்தார். பெரியப்பா வயலில் கிணறு ஆழப்படுத்தியபோது, ஏறத்தாழ முப்பதடி ஆழத்தில் வந்தது என்றார். அந்த வயலைப் போய்ப் பார்க்கலாமா என்று கேட்டேன். "கிணறு இல்லீங்கய்யா. நிலத்தைச் சுரங்கத்துக்குக் கொடுத்துட்டோம். இப்ப அது மொத்தமா பெரிய குழி."

ஊர், வயல், முப்பதடி, ஆண்டு ஆகியவற்றை ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கல்லின் குழிவுக்குள் ஒட்டியிருக்கிறேன். அடுத்த விடுமுறையில் வாரணவாசிக்கு எடுத்துப்போக வேண்டும். வாங்கிக்கொள்வார்களா, தெரியவில்லை.