புறப்படும் முன் ஒரு தட்டு பாஸ்தா



விமான நிலையச் சாப்பாடு என்றாலே பலருக்கு முகம் சுளிக்கும். விலை அதிகம், ருசி மட்டம், வேறு வழியில்லாமல் சாப்பிடுவது என்ற எண்ணம் நமக்குள் ஊறிவிட்டது. ரோமின் ஃபியுமிச்சினோ விமான நிலையத்தில், பாதுகாப்புச் சோதனையைத் தாண்டியதும் இருந்த ஓர் எளிய இத்தாலிய உணவகம் எனக்கு அந்த எண்ணத்தை மாற்றியது.

நான் கேட்டது காச்சோ எ பேப்பே. பாஸ்தா, செம்மறியாட்டுப் பாலில் செய்த பெக்கொரீனோ சீஸ், கருமிளகு, அவ்வளவுதான். வெண்ணெயும் க்ரீமும் சேர்ப்பது ரோமானியர் வழக்கமில்லை. பாஸ்தா வெந்த தண்ணீரில் இறங்கும் மாவுச்சத்துதான் சீஸைக் கரைத்து வழவழப்பாக்குகிறது. சூடு சற்றே மிஞ்சினாலும் சீஸ் திரண்டு கட்டிகட்டியாகிவிடும். செய்து வைத்து, பிறகு சூடுகாட்டிப் பரிமாற இது தோதுப்படாது. தட்டுக்குத் தட்டு புதிதாகக் கிளற வேண்டும். அங்கே சாப்பிடுகிறவர்களில் பெரும்பாலோர் மறுபடி அந்த மேசைக்கு வரப்போவதில்லை. வாடிக்கை பிடிக்க வேண்டிய அவசியமே இல்லாத இடத்தில், ஒவ்வொரு தட்டையும் பக்குவம் பார்த்துக் கிளறித் தந்த அந்தச் சமையல்காரரின் கைக்கு என் வணக்கம்.

அந்த மிளகைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த விமான நிலையத்தை ஒட்டியே போர்ட்டுஸ் என்ற பழைய ரோமானியத் துறைமுகத்தின் எச்சங்கள் இருக்கின்றன. பேரரசர் கிளாடியஸ் தொடங்கியது; பின்னால் டிராஜன் வெட்டிய அறுகோணக் குளத்தில் இன்றும் தண்ணீர் நிற்கிறது. விமானத்தில் ஜன்னலோர இருக்கை கிடைத்தால் தேடிப் பாருங்கள். அந்த ரோமானியர் காலத்தில் சேரநாட்டு முசிறியில் ஏற்றிய மிளகு செங்கடல் கடந்து, எகிப்தின் அலெக்சாந்திரியாவில் கப்பல் மாறி ரோமுக்குப் போனது. யவனர் பொன் கொடுத்து நம் மிளகை வாங்கிப் போனதை அகநானூறு பதிவு செய்திருக்கிறது. ரோம் நகரில் மிளகுக்கென்றே கிடங்கு கட்டினார்கள். அந்தக் கரையில் உட்கார்ந்து மிளகு தூவிய பாஸ்தா சாப்பிடுவது ஒரு தமிழருக்குத் தனி நிறைவு.

சைவ உணவு உண்போருக்கு ஓர் எச்சரிக்கை. பெக்கொரீனோ ரொமானோவில் ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளையும், பார்மிஜானோ சீஸில் கன்றுக்குட்டியுடையதையும் சேர்க்கிறார்கள். இது பலருக்குத் தெரிவதில்லை. சைவ உணவு உண்போர் தக்காளி பாஸ்தாவைச் சீஸ் தூவாமல் கேட்கலாம். பூண்டும் எண்ணெயும் சேர்த்த ஆல்யோ எ ஓல்யோவும் உண்டு. மரினாரா பீட்சாவில் சீஸே கிடையாது. காப்பி மட்டும் போதுமென்றால், பல இடங்களில் முதலில் கல்லாவில் பணம் கட்டி, அந்த ரசீதைக் காட்டி நின்றபடியே குடிப்பதுதான் அங்கே பழக்கம்.

பறக்கும்போது காற்றழுத்தம் குறைந்து, காற்றும் வறண்டிருப்பதால் உப்பும் இனிப்பும் நாக்கில் மங்கிவிடும். ஆகவே நேரமிருந்தால் தரையிலேயே உட்கார்ந்து, சூடாகச் சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள்.

விமான நிலையமோ, ரயில் நிலையமோ, பேருந்து நிலையமோ, வழிப்பயணத்தில் உங்களுக்கு மனதாரச் சோறு போட்ட கடை ஏதாவது இருந்தால் எங்களுக்கு எழுதுங்கள். என்ன சாப்பிட்டீர்கள், யார் பரிமாறினார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வரும் இதழ்களில் வெளியிடக் காத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்