நூறு உருபாப் பணவிடை

ஆவடியிலும் அம்பத்தூரிலும் படைப்பணி முடித்தோர் பலர் குடியிருக்கின்றனர். சீருடை களைந்த கையோடு கடைசற் பட்டறையிலோ தொழிற்சாலை வாயிலிலோ மீண்டும் வேலைக்கு நிற்போர் அவர்களுட் பலர். மகள் திருமணம், மகன் படிப்பு என்று குடும்பப் பொறுப்பு அவர்களை ஓயவிடுவதில்லை. ஆயினும் அவர்கட்கு ஓய்வூதியம் என்று ஒன்றேனும் வருகின்றது. ஓய்வூதியமே இல்லாத படையொன்றும் தமிழகத்தில் நடந்தது. அதன் தளபதியை ஈண்டு நினைவுகூர்தல் நம் கடன்.

பட்டுக்கோட்டை அழகிரிசாமி 1900இல் பிறந்தவர். இளமையிலேயே வெள்ளையர் படையிற் சேர்ந்து முதல் உலகப் போர்க்காலத்தில் பணியாற்றியவர். அங்குப் பயின்ற அணிவகுப்பும் அஞ்சாமையும் பின்னர்த் தன்மான இயக்க மேடைகட்குப் பயன்பட்டன. 'அஞ்சாநெஞ்சன்' என மக்கள் அவரை அழைத்தனர்.

1938 ஏப்பிரலில், இராசகோபாலாச்சாரியார் அரசு 125 பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியது. அவ்வாண்டு ஆகசுட்டு 1ஆம் நாள் உறையூரினின்று தமிழர் பெரும்படை புறப்பட்டது. ஏறத்தாழ நூற்றுவர், கையில் வேலுமில்லை, வாளுமில்லை. குமாரசாமியார் தலைவர், அழகிரி தளபதி, மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் உடன் நடந்தார். ஊர்தோறும் பேசி, கிடைத்ததை உண்டு, 42ஆம் நாளாகிய செபுதம்பர் 11இல் சென்னை சேர்ந்தனர். கடற்கரையில் மக்கள் வெள்ளம் அவர்களை வரவேற்றது. 1940 பிப்பிரவரியில் அக்கட்டாயம் நீங்கியது.

நடந்த கால்கள் என்னவாயின? இதனைக் கேட்போர் அரியர். அழகிரியை என்புருக்கி நோய் பற்றியது. மருந்துக்குப் பொருளில்லை, குடும்பமோ வறுமையில். அந்நிலையில் அறிஞர் அண்ணா ஒரு வழி கண்டார். தம்மைக் கூட்டத்திற்கு அழைப்போர் அழகிரிக்கு நூறு உருபா பணவிடை அனுப்பி அதன் பற்றுச்சீட்டைக் காட்டினாற்றான் வருவேன் என்றார். நட்பென்றால் அதுவன்றோ! ஆயினும் நோய் முந்திக்கொண்டது. 1949 மார்ச்சு 28இல் அழகிரி மறைந்தார். அகவை ஐம்பதும் நிரம்பவில்லை.

நடுகல்லின் நிலைகளைத் தொல்காப்பியப் புறத்திணையியல் வகுத்துரைக்கும். அதனை நாம் மேடைதோறும் முழங்குகின்றோம். ஆனாற் பண்டைத் தமிழர் கல்லோடு நின்றுவிடவில்லை. பட்ட மறவனின் குடிக்கு நிலமும் விட்டனர்; உதிரப்பட்டி என அது கல்வெட்டுகளிற் காணப்படும். (உதிரம் வடசொல், நெய்த்தோர்ப்பட்டி என்னும் தூய தமிழ் வழக்கும் கல்வெட்டிலேயே உண்டு. நம்மவர் எதனை எடுத்தாள்கின்றனர் என்று சொல்லவேண்டுவதில்லை.) அண்ணா கேட்ட பணவிடை அப்பட்டியின் வழிவந்ததே. அது காலந்தாழ்ந்து வந்தது என்பதும், புகழ்பெற்ற ஒருவர்க்கே வந்தது என்பதுமே நம் வருத்தம். உடன் நடந்த நூற்றுவருள் எத்தனை பேரை நாம் பெயர் சொல்லி அறிவோம்? அவர்தம் மனைவியர் அந்த நாற்பத்திரண்டு நாளும் அடுப்பெரித்தது எவ்வாறு?

1965 சனவரியில் தெருவில் இறங்கிய மாணவர்கள் இன்று எண்பதை ஒட்டிய அகவையினர். தச்சராய், கொல்லராய், கடைக்காரராய் வாழ்ந்து தளர்ந்தோர் அவர்களுள் உளர். நம் இளைஞர் ஆவடி, அம்பத்தூர், பூவிருந்தவல்லித் தெருக்களில் அவர்களைத் தேடிச் செல்க. சொல்வதை எழுதிக் கொள்க. எழுதுமுன், மருந்துக்குப் பணம் உளதா என்று கேட்க.