விலைச்சீட்டில் இல்லாத நெருப்பு



லண்டன் மருத்துவமனை ஒன்றில் ஒரு தாதி ரப்பர் கையுறையை மாட்டிக்கொள்கிறார். பத்து நிமிடத்தில் கழற்றிக் குப்பைத் தொட்டியில் போடுகிறார். கையுறையின் விலை அந்த மருத்துவமனையின் கணக்கில் இருக்கும். ஆனால் அதைச் செய்து முடிக்க எவ்வளவு நெருப்பு எரிந்தது, அது எந்த நாட்டில் எரிந்தது என்பது எந்தச் சீட்டிலும் இருக்காது.

அந்த நெருப்பு நம் நாட்டில் எரிந்தது. மரத்துக்குப் போடும் யூரியா உரம் இயற்கை எரிவாயுவிலிருந்து பிறப்பது. நாம் ஸ்டோரில் ஊற்றும் பால் லாரியில் ஏறி, ஆலையிலே இயந்திரத்தில் சுழன்று கெட்டியாகிறது. கையுறை ஆலையில் பீங்கான் அச்சுகள் பாலில் முங்கி எழுந்து, வெந்நீரில் கழுவப்பட்டு, சூட்டடுப்பினுள் சென்று வெந்து வருகின்றன. அங்கே இரவும் பகலும் எரிவாயு எரிகிறது. தீபகற்பத்து மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியாலும் எரிவாயுவாலும் கிடைப்பது. அந்த நிலக்கரியில் பெரும்பகுதி இந்தோனேசியாவிலிருந்து கப்பலில் வருவது. கடைசியில் கையுறைப் பெட்டிகளும் கப்பல் ஏறுகின்றன. இத்தனை எரிபொருளும் அந்த மெல்லிய உறைக்குள் கண்ணுக்குத் தெரியாமல் அடங்கிக் கிடக்கிறது.

இதற்கு யார் பேரில் பற்று எழுதுவது? புகை எந்த மண்ணில் எழும்புகிறதோ அந்த நாட்டின் பேரில் எழுதுவதே உலக வழக்கம். 1997இல் ஏற்பட்ட கியோட்டோ ஒப்பந்தமும் இதையே பின்பற்றியது. செய்தவன் பேரில் பற்று. அனுபவித்தவன் பேரில் ஒன்றுமில்லை! 2010இல் வெளியான ஓர் ஆய்வின்படி, 2004ஆம் ஆண்டு உலகம் வெளியிட்ட கரியமில வாயுவில் 23 விழுக்காடு, ஒரு நாட்டில் செய்து வேறொரு நாட்டுக்கு விற்ற சரக்குகளுக்காக எழுந்தது. அவற்றில் பெரும்பகுதி சீனா முதலிய வளரும் நாடுகளிலிருந்து செல்வந்த நாடுகளுக்குப் போனவை. இறக்குமதிச் சரக்கையும் சேர்த்துக் கணக்கிட்டால் பிரிட்டனின் பங்கு, அதன் மண்ணில் எழும் புகையைவிடப் பெரிது என்பதை அந்நாட்டு அரசாங்கத்தின் புள்ளிவிவரமே காட்டுகிறது.

இத்தகைய கணக்கு நமக்குப் புதிதா? ஸ்டோரில் பால் நிறுக்கும்போது, அதிலுள்ள தண்ணீரைக் கழித்து உலர்ந்த ரப்பர் எவ்வளவு என்று பார்த்துத்தான் செக்ரோலில் பதிகிறோம். மழைத்துளி கலந்தாலும் கழிவு உண்டு. கழிக்க வேண்டியதை இவ்வளவு நுட்பமாகக் கழிக்கத் தெரிந்த வணிகத்துக்குக் கூட்ட வேண்டியதைக் கூட்ட மட்டும் தெரியாமல் போனதேன்? விடியுமுன் எழுந்து பால் வெட்டுபவரின் உழைப்பும், ஆலையில் எரியும் நெருப்பும் ஒரே மாதிரிதான் சரக்கினுள் மறைகின்றன.

பழியெல்லாம் வெளியாருடையது என்று நான் சொல்லவில்லை. ஏற்றுமதியால் நமக்கு வேலை கிடைத்தது. முதலாளிகளுக்கு இலாபமும் கிடைத்தது. நம் சட்டைப்பையிலுள்ள கைப்பேசியிலும் சீனத்து நிலக்கரி ஒளிந்திருக்கிறது. வாங்குபவன், விற்பவன் இருவரும் பங்கு ஏற்பதே நீதி.

கணக்குக் கேட்கும் காலம் வந்துவிட்டது. சிமெண்டு, இரும்பு, எஃகு, அலுமினியம், உரம் முதலிய இறக்குமதிகளில் மறைந்துள்ள கரியமிலத்தின் அளவை 2023 அக்டோபர் முதல் ஐரோப்பிய ஒன்றியம் கேட்கத் தொடங்கியது. 2026 ஜனவரி முதல் வரும் சரக்குக்குக் கட்டணமும் உண்டு என்று விதித்தது. அந்தப் பட்டியலில் ரப்பர் சேர்க்கப்படவில்லை. ஆயினும் உரம் இருக்கிறது, எஃகு இருக்கிறது. நமது அரசாங்கமும் இரும்பு, எஃகு, எரிசக்தித் தொழில்களுக்குக் கரிம வரி விதிக்கும் நோக்கத்தை 2024 அக்டோபரில் அறிவித்தது. நாளை நம் தொழிலுக்கும் இது வரலாம். வந்தால், "செலவு கூடிவிட்டது, கூலி கூட்ட முடியாது" என்ற பழைய பாட்டை நிர்வாகங்கள் பாடும்.

நம் கையில் ஒரு பதில் இருக்கிறது. பெட்ரோலியத்திலிருந்து செய்யும் செயற்கை ரப்பருக்கு ஆகும் எரிசக்தி, இயற்கை ரப்பருக்கு ஆவதைவிடப் பல மடங்கு அதிகம். நம் ரப்பரின் பெரும் வேலையைச் சூரியனும் மரமும் கூலியில்லாமல் செய்துவிடுகின்றன. மிச்சத்தை நாம் செய்கிறோம். மறைந்த நெருப்புக்கும் விலை வைத்தால் பால்மரத்துக்கு மதிப்பு உயரும். உயரும் மதிப்பு யார் பைக்குப் போகும் என்பதுதான் கேள்வி!

ஆகவே சங்கம் இன்றே கேட்க வேண்டியவை மூன்று. ஆலைகளும் தோட்டங்களும் தங்கள் எரிபொருள் கணக்கைத் தொழிலாளர் பிரதிநிதிகளுக்குக் காட்ட வேண்டும். எல்லைக் கட்டணங்களைக் கூலியிலிருந்து ஈடுகட்டவோ, அதைச் சாக்கிட்டு ஆட்குறைப்புச் செய்யவோ கூடாது. குறைந்த எரிசக்தியில் பிறக்கும் ரப்பருக்கு வாங்குவோர் கூடுதல் விலை தந்தால், அதில் பால் வெட்டுபவருக்கு உரிய பங்கைக் கூட்டு ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். ரப்பர் விலையோடு கூலியைப் பிணைத்த ஒப்பந்தங்களை 1950களிலேயே கண்ட இயக்கம் நம்முடையது. இது நம்மால் ஆகாத காரியமன்று.

தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறிவிட்டன, பால்மரங்கள் குறைந்துவிட்டன. எஞ்சியிருப்பவர்களாவது புதிய கணக்கு எழுதப்படும் மேசையருகே உட்கார்ந்திருக்க வேண்டும். நாம் இல்லாத இடத்தில் எழுதப்படும் கணக்கில், நம் பேருக்கு எதிரே கழிவு மட்டுமே இருக்கும்.