விமானம் குறைந்தது, விலை ஏறியது

நோன்பு காலத்துக்குப் பேரீச்சம்பழம் இறக்குமதி செய்யும் நம்மவர்களுக்கு ஒரு கணக்கு நன்றாகத் தெரியும். கொள்கலனைப் பாதி நிரப்பிக் கொண்டுவந்தாலும் கப்பற்கூலி பாதியாவதில்லை. துறைமுகச் செலவும் அப்படியே. கிலோவின் அடக்கவிலைதான் ஏறும். இதே கணக்கு உலகின் மிகப் பெரிய இராணுவச் செலவாளியான அமெரிக்காவை எப்படிப் பாடாய்ப் படுத்தியது என்பதற்கு எப்-22 ரெப்டர் போர் விமானம் நல்ல உதாரணம்.

சோவியத் ஒன்றியத்தை மனதிற்கொண்டு 1980களில் போட்ட திட்டம் 750 விமானங்கள். 1990இல் அது 648 ஆயிற்று. 1997இல் 339. கடைசியில் படையில் சேர்ந்தவை 187 மட்டுமே. ஆராய்ச்சிக்கும் வடிவமைப்புக்கும் சோதனைக்கும் போன பணம் 32.4 பில்லியன் டொலர். 750 விமானங்கள் செய்திருந்தால் ஒவ்வொன்றின் தலையிலும் அதில் 43 மில்லியன்தான் விழுந்திருக்கும். 187 செய்ததால் 173 மில்லியன் விழுந்தது. மொத்தத் திட்டச் செலவு 67.3 பில்லியன். வகுத்துப் பார்த்தால் ஒரு விமானம் 360 மில்லியன் டொலர்.

2009 ஏப்ரலில் பாதுகாப்புச் செயலாளர் ரொபர்ட் கேட்ஸ் 187உடன் நிறுத்துவோம் என்றார். 381 தேவை என்று விமானப்படை முன்னர் கேட்டிருந்தது. விவாதம் சூடுபிடித்தது. எதிர்த்தவர்கள் 360 மில்லியன் கணக்கைக் காட்டினார்கள். ஆதரித்தவர்களுக்கோ விமானப்படையின் தகவல் தாளிலிருந்த 143 மில்லியன் வசதியாக இருந்தது.

இரண்டுமே பிழையான தொகைகள் அல்ல. ஆனால் தீர்மானம் எடுக்க இரண்டும் போதாது. ஆராய்ச்சிப் பணம் ஏற்கனவே போய்விட்டது. அடுத்த விமானத்தை வாங்கினாலும் விட்டாலும் அது திரும்பி வராது. அதைப் புதிய விமானத்தின் விலையில் ஏற்றுவது நியாயமில்லை. மறுபுறம், 143 மில்லியன் என்பது லொறியைக் கையில் எடுக்கும் விலை மாத்திரம். வானில் பறக்கும் ஒரு மணித்தியாலத்துக்குத் தரையில் 30 மணித்தியாலத்துக்கும் அதிகமான பராமரிப்பு வேலை என்று வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகை 2009 ஜூலையில் எழுதியது. டயரும் உதிரிப்பாகமும் யார் கணக்கில்?

அதே மாதம் 21ஆம் திகதி, மேலும் 7 விமானங்களுக்கென வைத்திருந்த 1.75 பில்லியன் டொலரை செனட் சபை 58க்கு 40 என்ற வாக்குகளால் வெட்டியது. இதை வகுத்தால் ஒன்றுக்கு 250 மில்லியன் வருகிறது. ஆக, மூன்றாவது விலை! இந்த விமானத்துக்குப் பாகங்கள் வழங்கிய நிறுவனங்கள் 44 மாநிலங்களில் இருந்தன என்பதையும் சேர்த்துப் பார்த்தால், 40 பேர் எதிர்த்து வாக்களித்தது ஆச்சரியமில்லை.

கேட்ஸின் முடிவில் நான் குறை காணவில்லை. அப்போது நடந்துகொண்டிருந்த ஈராக், ஆப்கானிஸ்தான் யுத்தங்கள் எதிலும் அதுவரை இந்த விமானம் பறந்திருக்கவில்லை. நட்டம் அதற்கு வெகு முன்னரே நடந்துவிட்டது என்பதே என் கருத்து. எண்ணிக்கையை வெட்டியவர்கள் விமானத்தின் வசதிகளை அதற்கேற்ப வெட்டவில்லை. போதாக்குறைக்கு, 1998 முதல் வெளிநாட்டுக்கு விற்கவும் சட்டம் தடுத்தது. ஜப்பான் வாங்க ஆசைப்பட்டும் கிடைக்கவில்லை. இரகசியத்தைக் காப்பது அவர்கள் உரிமை. ஆனால் வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பிய பின் முதலீட்டுச் சுமை முழுவதும் சொந்த மக்களின் வரிப்பணத்தில்தான் விழும்.

மூடிய தொழிற்சாலையைத் திறந்தால் என்ன என்ற யோசனையும் வந்தது. 2017இல் விமானப்படை கொங்கிரஸுக்குக் கொடுத்த அறிக்கையின்படி, இன்னும் 194 விமானங்களுக்குச் சுமார் 50 பில்லியன் டொலர் தேவை. அதில் ஏறத்தாழ 10 பில்லியன் மீண்டும் ஆரம்பிப்பதற்கான செலவு மட்டுமே! யோசனை கைவிடப்பட்டது.

2025 மார்ச்சில், ரெப்டருக்குப் பதிலாக எப்-47 என்ற விமானத்தைச் செய்யும் ஒப்பந்தம் போயிங் நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டது. இரண்டு மாதங்களில் விமானப்படைத் தளபதி எண்ணிக்கையையும் வெளியிட்டார்: 185க்கு மேல். ரெப்டர் முடிந்த இடத்தில் இது ஆரம்பிக்கிறது.