துடைக்கிறதுக்குக் கூலி கிடையாதா?

பழைய கார் வைத்திருக்கும் நகரத்து நண்பர்களுக்கு ஒண்ணு சொல்லணும். கோபப்பட்டாலும் பரவாயில்லை.

சிக்னல்ல நின்னா வண்டி உதறுது. ஏசி போட்டா இன்ஜின் ஆஃப் ஆகுது. உடனே நீங்க எடுக்கிற முடிவு ரெண்டே ரெண்டுதான். ஒண்ணு, "முழு செட்டா மாத்திடுங்க". இன்னொண்ணு, "வயசாயிடுச்சு, வித்துடலாம்". கழட்டி, கரியைத் துடைச்சு, திரும்ப மாட்டுறதுன்னு மூணாவதா ஒண்ணு இருக்கு. அதை யாரும் கேட்கிறதே இல்லை.

போன பொங்கலுக்கு ஊருக்கு வந்த பங்காளி பையனோட காரும் இப்படித்தான். 12 வருஷப் பெட்ரோல் வண்டி. நகரத்தில் ஒரு பட்டறையில் த்ராட்டில் பாடியையே மாத்தணும்னு எழுதிக் கொடுத்திருந்தாங்க. எங்க ஊர் மெக்கானிக் ஏர் ஃபில்டர் குழாயைக் கழட்டிக் காட்டினார். உள்ளே திறந்து மூடுற தகட்டின் ஓரம் முழுக்க கறுப்புப் பிசுக்கு. ஒரு மணி நேர வேலை, உதறல் நின்னுடுச்சு.

விஷயம் இதுதான். ஆக்ஸிலேட்டரை மிதிக்காதப்போ அந்தத் தகடு கிட்டத்தட்ட மூடியே இருக்கும். இன்ஜின் நிமிஷத்துக்கு 700, 800 சுற்று ஓடத் தேவையான காற்று தகட்டோர இடுக்கு வழியாகவும், இந்த மாதிரி பழைய வண்டிகள்ல பக்கத்துல இருக்கிற ஐடில் வால்வு வழியாகவும்தான் போகணும். இன்ஜினிலிருந்து பி.சி.வி. வால்வு வழியா திரும்பி வர்ற ஆயில் ஆவியும் கரியும் அங்கேயே படியும். வண்டிக்கு மூச்சுத் திணறும். சொட்டுநீர்க் குழாயில் உப்பு அடைச்சா நாங்க குழாயையே பிடுங்கி எறியறோமா? ஆசிட் விட்டு அலசுறோம்.

இதுக்கு வேண்டியது சில நூறு ரூபாய்க்கு த்ராட்டில் கிளீனர், மெத்துன்னு ஒரு துணி, பழைய டூத் பிரஷ். இன்ஜின் ஆறியிருக்கணும், சாவியை எடுத்துடணும், பேட்டரி நெகட்டிவைக் கழட்டிடணும். அந்த ஸ்ப்ரே தீப்பிடிக்கும், பக்கத்தில் பீடி, சிகரெட் ஆகாது. ஸ்க்ரூடிரைவரால் சுரண்டக் கூடாது. எலெக்ட்ரானிக் த்ராட்டிலா இருந்தா தகட்டை விரலால் நெம்பக் கூடாது. காற்றை அளக்கிற சென்சாருக்குத் தனி கிளீனர் உண்டு, இதை அதுல அடிச்சிடாதீங்க. துடைச்ச பிறகு சில வண்டிகளுக்கு ஐடில் அளவைத் திரும்ப செட் பண்ணணும்.

துடைச்சா எல்லாம் சரியாகும்னு சொல்ல வரலை. வேக்குவம் குழாய் வெடிச்சிருந்தா, பிளக் தேய்ஞ்சிருந்தா மாத்தித்தான் ஆகணும். கம்ப்ரஷன் போயிருந்தா துடைச்சுப் பிரயோஜனமே இல்லை. ஆனா வரிசைன்னு ஒண்ணு இருக்கே. முதல்ல பார்க்கணும், அப்புறம் துடைக்கணும், கடைசியாத்தான் மாத்தணும்.

இந்த வரிசையைத் தலைகீழாக்கினது பட்டறைக்காரங்க மட்டும் இல்லைங்க, நீங்களும்தான். ஆயிரக்கணக்கில் பார்ட்ஸ் பில் நீட்டினா மறுபேச்சு இல்லாம கார்டைத் தேய்க்கிறீங்க. ஒரு மணி நேரம் குனிஞ்சு நின்னவர் 500 ரூபாய் கேட்டா, "துடைச்சதுக்கா?"ன்னு கேட்கிறீங்க. அந்தப் பையனும் அதையேதான் கேட்டான். பொருளுக்கு விலை உண்டு, கைக்குக் கிடையாது. பெரிய கடையில் விலைச்சீட்டு ஒட்டின தக்காளிக்குப் பேரம் பேசாதவங்க, சந்தையில் பறிச்சுக் கொண்டுவந்த அக்காகிட்ட மட்டும் ரெண்டு ரூபாய் குறைக்கச் சொல்ற கணக்குத்தான் இதுவும்.

கூலி கிடைக்காத வேலையை யார் கத்துக்குவா? எங்க மெக்கானிக்கோட மகன் பட்டறைப் பக்கமே வர மாட்டேன்னுட்டான். இன்னும் பத்து வருஷத்தில் கழட்டிப் பார்க்கத் தெரிஞ்ச ஆள் இருக்க மாட்டார், மாத்தத் தெரிஞ்சவங்கதான் இருப்பாங்க. அப்போ அவங்க சொன்னதுதான் விலை.

15 வருஷமானா சொந்தக் காரைத் தூக்கிப் போடணும்னு தமிழ்நாட்டில் கட்டாயம் எதுவும் இல்லை. வண்டி தகுதியா இருந்தா ஆர்.சி.யை 5 வருஷத்துக்குப் புதுப்பிக்கலாம். அடுத்த தடவை பட்டறையில் "துடைச்சுப் பார்த்தீங்களா?"ன்னு கேளுங்க. துடைச்சுச் சரியாச்சுன்னா, கேட்ட கூலியைப் பேரம் பேசாமக் குடுங்க.