புல்வெளிக்கும் ஒரு கணக்கு வேண்டும்

உதகையில் 2024 ஏப்ரல் கடைசியில் வெயில் 29 டிகிரி செல்சியஸைத் தொட்டது. 1951 முதல் உள்ள பதிவுகளில் அதுவே உச்சம். அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன், 2019 ஆகஸ்டில், அதே மாவட்டத்தின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கும் அதிகமாக மழை கொட்டி, மலைச்சரிவுகள் பெயர்ந்து விழுந்தன. இப்படி ஏதேனும் நேரும்போதெல்லாம் அரசும் தொண்டு நிறுவனங்களும் பள்ளிக்கூடங்களும் சொல்லும் பதில் ஒன்றுதான்: மரம் நடுவோம். சமவெளியில் அது பெரும்பாலும் நல்ல பதில். நீலகிரி, பழனி மலைகளின் உச்சியில் அது தவறான பதில். ஏறத்தாழ 1,800 மீட்டருக்கு மேலே இயற்கையாக அமைந்த புல்வெளிகளில் இனி ஒரு கன்றுகூட நடக்கூடாது. ஏற்கெனவே மரங்களுக்குப் பறிகொடுத்த புல்வெளிகளை மீட்கும் வேலையை அரசு தன் காலநிலைத் திட்டத்தின் மையத்துக்குக் கொண்டுவர வேண்டும். இதுவே நம் நிலைப்பாடு.

பூமி ஏன் சூடாகிறது என்பதில் மர்மம் எதுவும் இல்லை. சூரிய ஒளியால் சூடேறும் நிலமும் கடலும் அந்த வெப்பத்தைக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களாகத் திருப்பி அனுப்புகின்றன. காற்றில் பெரும்பங்கு வகிக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் அதைத் தடுப்பதில்லை. மிகச் சிறிய அளவே இருக்கும் கார்பன் டை ஆக்சைடு, மீத்தேன், நீராவி ஆகியவைதான் அதைப் பிடித்து, ஒரு பகுதியைக் கீழ்நோக்கித் திருப்புகின்றன. கார்பன் டை ஆக்சைடு வெப்பத்தை ஈர்க்கும் என்பதை 1856-லேயே யூனிஸ் ஃபூட் என்ற அமெரிக்கப் பெண்மணி கண்ணாடிக் குழாய்களை வெயிலில் வைத்துக் கண்டறிந்தார். நிலக்கரியை எரித்தால் பூமி எவ்வளவு சூடாகும் என்று 1896-ல் ஸ்வீடனின் அர்ரீனியஸ் கணக்கே போட்டுவிட்டார். தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் பத்து லட்சம் பங்கில் 280 பங்காக இருந்த இந்த வாயு இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. வெப்பம் ஒரு டிகிரி கூடினால் காற்று ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலாக நீராவியைச் சுமக்கும். மழை வராமல் ஏய்ப்பதும், வந்தால் ஒரே நாளில் கொட்டித் தீர்ப்பதும் இதனால்தான் பெருகுகின்றன.

நாம் வெளியேற்றும் கரியமில வாயு முழுவதும் காற்றிலேயே தங்கியிருந்தால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும். ஏறத்தாழ பாதியைக் கடலும் நிலத்தின் தாவரங்களும் மண்ணும் உள்வாங்கிக்கொள்கின்றன. யாரும் கூலி கொடுக்காமல் இயற்கை செய்யும் வேலை இது. அதோடு நிற்பதில்லை. மழையை வாங்கி வைத்து நிதானமாக விடுகிறது. சரிவுகளைக் கட்டிப் பிடிக்கிறது. பூச்சிக்கும் பறவைக்கும் இரை கொடுத்து விளைச்சலுக்குத் துணை நிற்கிறது. எந்த நிலம் இந்த வேலையை எப்படிச் செய்கிறது என்பது இடத்துக்கு இடம் மாறும். அதைப் பார்க்காமல் எங்கும் மரம் என்று முடிவெடுக்கும்போதுதான் தவறு தொடங்குகிறது.

நீலகிரியிலுள்ள முக்குறுத்தி தேசியப் பூங்காவின் பக்கம் போய்ப் பார்ப்பவர்களுக்கு அந்த நிலத்தின் அமைப்பு உடனே புரியும். மலையின் முதுகிலும் தோள்களிலும் புல். இரண்டு குன்றுகள் சேரும் மடிப்புகளில் மட்டும், அடர்ந்து குட்டையாக, பாசி படர்ந்த சோலை. இரண்டுக்கும் இடையிலான எல்லை கத்தியால் வெட்டியதுபோல் இருக்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை திறந்த புல்வெளியில் விழும் உறைபனி சோலை மரங்களின் இளங்கன்றுகளைக் கருக்கிவிடுவது இதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. புல்லை விலக்கிப் பார்த்தால் கருப்பு மண், அதற்குள் நெருக்கிப் பின்னிய வேர்கள். தாழ்ந்த இடங்களில் கால் வைத்தால் மண் அமிழ்ந்து தண்ணீர் ஊறி வருகிறது. மழை நின்று பல வாரங்கள் ஆன பிறகும் ஊறுகிறது. பைக்காரா, மோயாறு, பவானியின் துணையாறுகள் எல்லாம் இப்படிப்பட்ட ஈரத்தில் தொடங்குபவை. பில்லூரிலிருந்து கோவைக்குப் போகும் குடிநீர், குந்தா நீர்மின் நிலையங்களைச் சுழற்றும் நீர், பவானிசாகரில் தேங்கிக் கீழ்பவானி வாய்க்கால் வழியே 2 லட்சம் ஏக்கருக்கு மேல் பாயும் நீர் ஆகியவற்றில் இந்தப் புல்லுக்கும் பங்கு உண்டு. ஈரோட்டில் மஞ்சள் போடும் விவசாயி முக்குறுத்தியைப் பார்த்திருக்கமாட்டார். ஆனால் அவருடைய வயல் அதை நம்பி இருக்கிறது.

இந்தப் புல்வெளியை வெள்ளையர் ஆட்சி பயனற்ற தரிசாகவே பார்த்தது. சோலையை விறகுக்கு வெட்டித் தீர்த்த பிறகு, 1830-களிலும் 40-களிலும் ஆஸ்திரேலியாவிலிருந்து சீகையும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) கொண்டுவரப்பட்டன. சுதந்திரத்துக்குப் பிறகும் அந்தப் பார்வை மாறவில்லை. தோல் பதனிடும் தொழிலுக்குச் சீகைப் பட்டை, சிறுமுகை விஸ்கோஸ் ஆலைக்குக் கற்பூர மரக் கூழ் என்று அரசே புல்வெளிகளை உழுது தோப்புகளாக்கியது. பின்னர் நடுவது நின்றது, பரவுவது நிற்கவில்லை. சீகை உறைபனியைத் தாங்கும். காற்றிலிருந்து நைட்ரஜனைத் தானே எடுத்துக்கொள்ளும். அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடந்து, ஒரு தீ பட்டதும் ஆயிரக்கணக்கில் முளைக்கும். செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வுகளின்படி, பழனி மலையில் நாற்பது ஆண்டுகளில் புல்வெளியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்மலைப் புல்வெளி மொத்தத்தில், 1970-களின் தொடக்கம் முதல் 2017 வரை, 23 சதவீதம் அந்நிய மரங்களால் மூடப்பட்டது.

மரம் மழையைக் கொண்டுவரும், நீரைச் சேமிக்கும் என்பதுதானே நாம் படித்தது என்று கேட்கலாம். உதகையிலுள்ள மத்திய மண்வள, நீர்வள ஆராய்ச்சி மையம் இந்தக் கேள்விக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே விடை தேடத் தொடங்கியது. கிளன்மார்கனில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு சிறு நீர்ப்பிடிப்புப் பகுதிகளை எடுத்துக்கொண்டு, 1968 முதல் அவற்றின் ஓடைகளை அளந்தார்கள். 1972-ல் ஒன்றில் மட்டும், ஏறத்தாழ 60 சதவீதப் பரப்பில், கற்பூர மரம் நட்டார்கள். மற்றதைப் புல்லாகவே விட்டார்கள். முதல் பத்தாண்டுச் சுற்றில் மரம் நட்ட பகுதியிலிருந்து வந்த நீர் சராசரியாக 16 சதவீதம் குறைந்தது. வெட்டிய அடிமரம் துளிர்த்து வளர்ந்த இரண்டாம் சுற்றில் குறைவு 25 சதவீதமானது. ஆழமாக வேர் விட்டு வேகமாக வளரும் மரம் நீரை இழுத்து இலைவழி காற்றில் விட்டுவிடுகிறது. புல் அவ்வளவு குடிப்பதில்லை. வறண்ட மாதங்களில் ஓடை ஓடுமா, நிற்குமா என்பதை இந்த வித்தியாசமே தீர்மானிக்கிறது. அரசு நிறுவனமே, நம் மண்ணிலேயே, பல ஆண்டுகள் உழைத்து எடுத்த முடிவு இது. காலநிலைத் திட்டங்களை வகுக்கும் மேசைகளில் இது ஏன் வைக்கப்படுவதில்லை என்பது நமக்குப் புரியவில்லை.

மரம் கார்பனைச் சேமிக்கிறதே, அதை வெட்டினால் வெப்பமயமாதல் கூடாதா என்பது அடுத்த வாதம். தட்டிக்கழிக்கக் கூடாத வாதம் இது. தோப்பில் தண்டிலும் கிளையிலும் கார்பன் சேர்வது உண்மை. ஆனால் அது தரைக்கு மேலே, தீக்கும் கோடரிக்கும் எட்டும் இடத்தில் நிற்கிறது. காய்ந்த சீகைக் காட்டில் தீப் பிடித்தால் பல ஆண்டுச் சேமிப்பு சில மணி நேரத்தில் புகையாகிவிடும். புல்வெளியின் கார்பனில் பெரும்பகுதி மண்ணுக்குள் இருக்கிறது. புல் எரிந்தாலும் வேரும் மண்ணும் தப்பிவிடும்; அடுத்த மழைக்கு மறுபடி பச்சை. உயர்மலைக் குளிரில் மட்கு மெதுவாகவே சிதைவதால் அந்தச் சேமிப்பு நெடுங்காலம் நிற்கிறது.

எவ்வளவு நெடுங்காலம் என்பதற்கும் சான்று உண்டு. நீலகிரியின் சதுப்புப் பள்ளங்களில் படிந்த கரிமக் கசடைத் தோண்டியெடுத்து, அதிலிருந்த கார்பன் வகைகளை ஆராய்ந்த ராமன் சுகுமார் உள்ளிட்ட அறிவியலாளர்கள் 1993-ல் 'நேச்சர்' இதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். புல்லும் மரமும் கார்பனை வெவ்வேறு விதமாக உள்வாங்குவதால், எந்தக் காலத்தில் எது ஓங்கியிருந்தது என்பதை அந்தப் படிவு காட்டிக்கொடுக்கிறது. ஏறத்தாழ இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், காற்றில் கார்பன் டை ஆக்சைடு குறைந்திருந்தபோது இங்கே புல் கோலோச்சியது. காடழித்ததால் உண்டான வெறுந்தரை என்று ஆங்கிலேய அதிகாரிகள் எழுதிவைத்தது தவறு. இந்தப் புல்வெளி உழவுக்கும் ஊருக்கும் முந்தியது.

இனி நம் கணக்குக்கு வருவோம். தமிழக அரசு 2022-ல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம் மாநிலத்தின் வனம், மரப் பரப்பை 24 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவான நிலையிலிருந்து 33 சதவீதமாக்கப் பார்க்கிறது. நாட்டு மரங்களுக்கும் வனத்துக்கு வெளியிலுள்ள நிலங்களுக்கும் அது முன்னுரிமை தருவதைப் பாராட்ட வேண்டும். சிக்கல் அளவுகோலில் இருக்கிறது. இந்திய வன ஆய்வு நிறுவனம், ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் 10 சதவீதத்துக்கு மேல் மர விதானம் இருந்தால் அதை வனப் பரப்பு என்று கணக்கெடுக்கிறது. என்ன மரம், யாருடைய நிலம் என்று பார்ப்பதில்லை. இந்த அளவுகோலில் கற்பூரத் தோப்பு வனம். முக்குறுத்தியின் புல்வெளி வனமல்ல. ஒரு வன அலுவலர் நேர்மையாக வேலை செய்து நூறு ஹெக்டேர் சீகையை அகற்றிப் புல்லை மீட்டால், அடுத்த அறிக்கையில் அவருடைய மாவட்டம் நூறு ஹெக்டேர் வனத்தை இழந்ததாகவே காட்டும். நல்ல வேலை செய்தவருக்கு இப்படியொரு தண்டனை வைத்திருக்கும் அளவுகோலை மாற்றாமல் எந்தக் கொள்கையும் கீழே இறங்காது.

கொள்கை இல்லாமலும் இல்லை. அந்நியக் களைத் தாவரங்களை அகற்றி இயற்கையை மீட்பதற்கென அரசு 2022-ல் ஒரு தனிக் கொள்கை வெளியிட்டது. வரையாட்டுத் திட்டத்துக்கு ரூ.25 கோடி ஒதுக்கி, மாநில விலங்கான நீலகிரி வரையாட்டின் வாழிடமான புல்வெளிகளை மீட்பதாகவும் சொன்னது. 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031 வரையாடுகள் இருந்தன. இவை நல்ல தொடக்கம். ஆனால் வரையாட்டுக்காக மட்டும் புல்வெளி என்று நிறுத்திக்கொண்டால் போதாது. நீருக்காகவும் மண்ணுக்காகவும் அது தேவை.

மீட்பு என்றால் இயந்திரத்தைக் கொண்டுபோய் மொட்டையடிப்பது அல்ல. சரிவில் ஒரேயடியாக மரங்களைச் சாய்த்தால் அடுத்த பெருமழையில் மண் ஓடிவிடும். வெயில் பட்ட நிலத்தில் சீகை விதைகள் மொத்தமாக முளைக்கும். புல்வெளியின் விளிம்பில் நுழையும் இளங்கன்றுகளைப் பிடுங்குவதில்தான் வேலையைத் தொடங்க வேண்டும். விரல் தடிமனில் இருக்கும் சீகைக் கன்று, மழைக்காலத்தில் மண் நனைந்திருக்கும்போது கையால் இழுத்தாலே வேரோடு வந்துவிடும். மூன்று நான்கு ஆண்டு விட்டுவிட்டால் வெட்டத்தான் வேண்டும். வெட்டிய இடத்திலிருந்து மறுபடி துளிர்க்கலாம். ஆகவே மிச்சமிருக்கும் நல்ல புல்வெளிகளைச் சுற்றி, ஆண்டுதோறும், விடாமல் செய்யவேண்டிய வேலை இது. ஒருமுறை நிதி ஒதுக்கி ஒப்பந்தம் விட்டு முடிக்கும் வேலை அல்ல. மாறாக, பழைய தோப்புகள் சிலவற்றின் நிழலில் சோலை மரக்கன்றுகள் தாமாக வளர்வதைப் பழனி மலையில் வட்டக்கானல் பகுதியில் இயற்கை ஆர்வலர்கள் கவனித்துச் சொல்லியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட தோப்புகளில் கைவைக்காமல் சோலையாக மாற விடுவதே நல்லது.

இந்த வேலையை யாரைக் கேட்டுச் செய்வது? நீலகிரியின் பழங்குடிகளான தோடர்களின் எருமைகள் நூற்றாண்டுகளாக இந்தப் புல்லை மேய்ந்தவை. அவர்களுடைய கோயில் கூரைக்கான புல் சதுப்பு நிலத்தில் கிடைப்பது; தோப்புகளும் அணைகளும் வந்த பிறகு அதைத் தேடிப் போகவேண்டியிருக்கிறது. எந்தச் சரிவில் எந்தப் புல் நின்றது, எந்த ஊற்று எப்போது வற்றியது என்பது அவர்களுக்குத் தெரியும். 2006 வன உரிமைச் சட்டம் கிராம சபைக்குத் தரும் அதிகாரத்தை இதில் பயன்படுத்தாமல் வேறு எதில் பயன்படுத்துவது? கூடவே, சீகை விறகைச் சுமந்து அடுப்பெரிக்கும் குடும்பங்களும் அந்த மலையில் இருக்கின்றன. அகற்றும் மரத்தில் முதல் உரிமை அவர்களுக்கு. கன்று பிடுங்கும் வேலையில் முதல் கூலியும் அவர்களுக்கே போக வேண்டும்.

புல்வெளியை மீட்டுவிட்டால் பூமியின் வெப்பம் தணிந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. நிலக்கரியையும் பெட்ரோலையும் எரிப்பதைக் குறைக்காமல் அது நடக்காது. மரம் நட்டும் அதை ஈடுகட்ட முடியாது. மழை தவறும் ஆண்டிலும் ஓடையில் நீர் இருக்கவும், பெருமழை நாளில் சரிவு நிற்கவும், வரப்போகும் வெப்பத்தைக் கீழே உள்ள ஊர்கள் தாங்கவும்தான் புல்வெளி. புவி சூடாகி உறைபனி இரவுகள் குறையக் குறைய, மரங்கள் மேலேறுவதைத் தடுக்கும் இயற்கையான வேலியும் தளர்ந்துகொண்டே போகும் என்பதால் காலம் தாழ்த்துவதற்கும் இடமில்லை.

அரசு செய்யவேண்டியவை தெளிவானவை. உயர்மலைப் புல்வெளிகளின் எல்லையை வரைபடத்தில் குறித்து, மரம் நடும் எல்லாத் திட்டங்களிலிருந்தும், ஈடுசெய் காடு வளர்ப்பிலிருந்தும் அவற்றை விலக்கி ஆணையிட வேண்டும். 33 சதவீத இலக்கின் முன்னேற்ற அறிக்கையில் புல்வெளிக்கென ஒரு தனி வரிசை சேர்த்து, மீட்ட ஹெக்டேரை இழப்பாக அல்லாமல் வரவாக எழுத வேண்டும். கிளன்மார்கனில் செய்ததைப்போல, மீட்பு நடக்கும் ஒவ்வொரு சரிவின் ஓடையிலும் நீரளவுக் கருவி வைத்து, கோடைகால நீர்வரத்தை ஆண்டுதோறும் மக்கள் பார்வைக்கு வெளியிட வேண்டும். வரும் நிதிநிலை அறிக்கையிலேயே இதற்கு இடம் ஒதுக்க வேண்டும்.