கடன் நோட்டுக்கு ஒரு 'ஆப்'! 12 பேரைத் தேடி அலையும் மாணவர்

சென்னை:

மளிகைக் கடைக்காரரின் மகன். சாப்ட்வேர் என்ஜினீயரிங் மூன்றாம் ஆண்டு மாணவர். அப்பாவின் கடன் நோட்டுக்குப் பதிலாக, செல்போனில் தானே ஒரு செயலி செய்துவிட்டார். யார் எவ்வளவு பாக்கி, எந்தத் தேதியில் கட்டினார்கள், எல்லாம் அதில் இருக்கிறது. விளம்பரத் தொல்லை கிடையாது. கடன் வாங்கியவர் பெயர் அந்தப் போனை விட்டு வெளியே போகாது.

பக்கத்துக் கடை அண்ணாச்சியும் கேட்டார்: "எனக்கும் ஒண்ணு போட்டுக் கொடு தம்பி!"

அங்கேதான் வந்தது சிக்கல்!

வாட்ஸ்அப்பில் அனுப்பினார் மாணவர். 'ஆபத்தான கோப்பாக இருக்கலாம்' என்று எச்சரித்தது போன். அண்ணாச்சி பயந்துவிட்டார். "ஏம்ப்பா, பேங்க் பணத்தை உருவிட்டுப் போயிடாதே?"

12 பேர், 14 நாள்

சரி, கூகுளின் பிளே ஸ்டோரிலேயே போட்டுவிடலாம் என்று 25 டாலர் கட்டினார். நம் காசுக்கு 2 ஆயிரம் ரூபாய்க்கு மேல். ஒரு தடவை கட்டினால் போதும்.

பணம் கட்டியும் கதவு திறக்கவில்லை. 2023 நவம்பர் 13-க்குப் பிறகு தனிநபர் கணக்கு தொடங்கியவர்களுக்கு ஒரு விதி உண்டு. 20 பேர் தொடர்ந்து 14 நாள் செயலியைச் சோதிக்க வேண்டும். பிறகுதான் கடையில் வைக்க மனுப் போடலாம். 2024 டிசம்பரில் 20 என்பதை 12 ஆகக் குறைத்தார்கள்.

"ஹாஸ்டல் பசங்க சேர்றாங்க சார். ரெண்டே நாள்ல கழண்டுக்குறாங்க. அத்தை, சித்தப்பா, டீக்கடை மாஸ்டர்னு ஆள் பிடிக்கிறேன்" என்கிறார் மாணவர்.

இதிலும் தரகர்கள் புகுந்துவிட்டார்கள். காசு கொடுத்தால் 12 பேரைக் காட்டுவார்களாம். அப்படியானால் சோதனைக்கு என்ன அர்த்தம்?

ஐபோனில் 7 நாள்

ஐபோன் கதை வேறு. செயலி செய்யவே ஆப்பிள் கம்ப்யூட்டர் வேண்டும். பணம் கட்டாமல் சொந்தப் போனில் போட்டுக்கொண்டால், 7 நாளில் செயலி படுத்துவிடும். மறுபடியும் போட வேண்டும். இந்தத் தொல்லை வேண்டாம் என்றால் வருஷத்துக்கு 99 டாலர்!

பயமும் நியாயமே

இத்தனை பூட்டு எதற்கு? கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதச் சீட்டு என்று வாட்ஸ்அப்பில் ஏதோ வருகிறது. தட்டினால் திருட்டுச் செயலி போனில் ஏறுகிறது. பேங்க் பணம் பறிபோகிறது. அண்ணாச்சி பயந்ததில் தப்பே இல்லை.

ஆண்ட்ராய்டு போனில் அடுத்த பூட்டையும் கூகுள் 2025 ஆகஸ்டில் அறிவித்தது. ஸ்டோருக்கு வெளியே கொடுக்கும் செயலியானாலும், செய்தவர் யார் என்று கூகுளிடம் பதிந்திருக்க வேண்டும். 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து. 2027 முதல் படிப்படியாக மற்ற நாடுகள் என்பது திட்டம்.

மாணவருக்கும் பொழுதுபோக்குக்குச் செய்பவருக்கும் இலவசக் கணக்கு உண்டு என்றார்கள். ஆனால் சில போன்களுக்கு மட்டும்தான் கொடுக்கலாம். கேபிள் மூலம் தன் போனில் போட்டுக்கொள்ளத் தடை இல்லை.

அப்பா கடைக்குச் சரி. தெருவில் உள்ள எல்லாக் கடைக்கும்?

வழி இருக்கிறது

12 பேர் விதி தனிநபர் கணக்குக்குத்தான். நிறுவனத்தின் பெயரில் கணக்கு எடுத்தால் அது கிடையாது. கல்லூரியே ஒரு கணக்கு எடுக்கட்டும். பேராசிரியர் செயலியைச் சோதித்துக் கையெழுத்துப் போடட்டும். மாணவரின் வேலை கல்லூரிப் பொறுப்பில் வெளியே வரட்டும். செலவோ அதே 25 டாலர்!

ஆண்டுதோறும் எத்தனையோ 'புராஜெக்ட்' பைண்டு செய்யப்பட்டு கல்லூரி அலமாரியில் தூங்குகிறது. அதில் ஒன்றிரண்டு கடைத்தெருவுக்கு வந்தால் யாருக்கு நஷ்டம்?

திருடனுக்குப் பூட்டு வேண்டியதுதான். ஆனால் வீட்டுப் பிள்ளை வாசலில் நிற்கிறான். சாவியை யாராவது கொடுக்க வேண்டாமா?